கடலில் இறங்காத ஒத்திகை: தளபதிகளுக்கான கணினி வார்கேம்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் அவ்வப்போது ஒரு பரபரப்பு கிளம்பும். பாம்பன் பாலத்தில் போலீஸார் வண்டிகளை மறித்துப் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். மண்டபம், ராமேஸ்வரம், தொண்டிப் பக்கம் மரைன் போலீஸ் படகுகள் வழக்கத்தைவிட அதிகமாகச் சுற்றும். ஊடுருவல்காரர்கள் போல வேடமிட்டுப் படகில் வந்த வீரர்கள் பிடிபட்டார்கள் என்று மறுநாள் பேப்பரில் செய்தி வரும். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு வழக்கமாகிவிட்ட ‘சாகர் கவாச்’ ஒத்திகை இது. நாட்டின் கடற்கரை முழுவதையும் ஒரே நேரத்தில் உஷார்ப்படுத்தும் ‘சீ விஜில்’ ஒத்திகை 2019 ஜனவரியில் தொடங்கியது.

இந்த ஒத்திகைகளில் படகு ஓட்டுபவருக்கும் சோதனை போடுபவருக்கும் நல்ல பயிற்சி கிடைக்கிறது. ஆனால் எந்தப் படகை எங்கே அனுப்புவது, எதைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது, வந்த தகவலில் எதை நம்புவது என்று முடிவெடுக்கிறவர்களுக்கு எங்கே பயிற்சி? அவர்களுக்காகக் கப்பலையும் ஹெலிகாப்டரையும் நூற்றுக்கணக்கான படகுகளையும் மாதாமாதம் கடலில் இறக்க முடியாது. டீசல் செலவு ஒருபுறம் இருக்கட்டும், அத்தனை நாளும் மீன்பிடித் தொழில் கெடும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு தளபதி சரியாகக் கற்க வேண்டுமானால் அவர் தவறு செய்ய இடம் வேண்டும். நிஜக் கடலில், நிஜ ஆட்களை வைத்துக்கொண்டு அந்த இடத்தைக் கொடுக்க முடியாது.

கணினி வார்கேம் அந்த இடத்தைக் கொடுக்கிறது. வரைபடம், கப்பல்கள், படைகள், வானிலை, எரிபொருள் எல்லாம் கணினிக்குள் எண்களாக இருக்கும். முடிவெடுப்பவர்கள் மட்டும் நிஜ மனிதர்கள்.

பெயரில் ‘கேம்’ இருப்பதால் செல்போனில் துப்பாக்கி சுடும் விளையாட்டு ஞாபகத்துக்கு வரலாம். பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். திரையில் பெரும்பாலும் ஒரு வரைபடமும், அதன் மேல் நீலத்திலும் சிவப்பிலும் சின்னச் சின்னக் குறிகளும்தான் இருக்கும். வெடிப்பு இல்லை, பின்னணி இசை இல்லை. கிராபிக்ஸை வைத்து எடை போட்டால் இருபது வருடப் பழைய விளையாட்டுக்குக்கூட ஈடாகாது. பயிற்சி பெறும் அதிகாரிகள் பல நேரம் அந்தத் திரையைக்கூடப் பார்ப்பதில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பாவனைப் பயிற்சிகளை, அதாவது சிமுலேஷன்களை, மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம். நிஜ ஆள், நிஜக் கருவி, பொய் எதிரி என்பது முதல் வகை. சாகர் கவாச் அப்படிப்பட்டது. நிஜ ஆள், பொய்க் கருவி என்பது இரண்டாவது. விமானி சிமுலேட்டருக்குள் உட்கார்ந்து ஓட்டிப் பழகுவது இதில் சேரும். மூன்றாவதில் கப்பலும் அதை ஓட்டுபவரும் எதிரியும் எல்லாமே கணினிக்குள் இருக்கின்றன. வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் உத்தரவு மட்டும் போடுகிறார்கள். இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றியது.

யாருக்குப் பயிற்சி?

தளபதிக்கு என்று சொன்னால் பாதிதான் சரி. எந்தத் தளபதியும் போர்க்களத்தைத் தன் கண்ணால் பார்த்து முடிவெடுப்பதில்லை. அவருக்கும் களத்துக்கும் நடுவே ஒரு குழு இருக்கிறது. ராணுவத்தில் அதற்கு ‘ஸ்டாஃப்’ என்று பெயர். உளவுத் தகவலைச் சேர்த்துச் சலிப்பவர் ஒருவர். எந்தப் படை எங்கே என்று பார்ப்பவர் ஒருவர். எரிபொருள், உணவு, உதிரிப்பாகம் பார்ப்பவர் ஒருவர். தகவல்தொடர்பைப் பார்ப்பவர் வேறொருவர். இவர்கள் கூடி நிலைமையை மதிப்பிட்டு, செய்யக்கூடிய வழிகள் இரண்டு மூன்றைத் தளபதி முன் வைக்கிறார்கள். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். அது எழுத்தில் உத்தரவாகி இறங்குகிறது. களத்திலிருந்து நிலவர அறிக்கை மேலே வருகிறது. பிறகு மறுபடியும் மதிப்பீடு.

இந்தச் சுழற்சி எங்கே சிக்குகிறது என்பதுதான் வார்கேம் வெளிக்கொண்டுவரும் விஷயம். சில இடங்களில் ஆட்கள் எல்லோருமே கெட்டிக்காரர்களாக இருப்பார்கள், ஆனால் பக்கத்து மேசைக்குத் தகவல் போகாது. வேறு சில இடங்களில் தகவல் போகும், போய்ச் சேரும்போது நேரம் கடந்திருக்கும். தனித்தனியாகப் பாடம் நடத்தி இதைச் சரிசெய்ய முடியாது. எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, கடிகாரத்தை ஓடவிட்டால்தான் தெரியும்.

கணினிக்கு முன்பே வந்த விளையாட்டு

படையின் நான்கு அங்கங்களைப் பலகைக்குக் கொண்டுவந்த சதுரங்கம் நம் நாட்டில் பிறந்தது. ஆனால் சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் எல்லாக் காய்களையும் பார்க்கலாம். நடுவரும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. போர் அப்படி நடப்பதில்லை.

இந்தக் குறைகளைச் சரிக்கட்டியவர்கள் பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும். தந்தை மேசை மேல் நிலப்பரப்பை அமைத்து விளையாடினார். மகன் அதை நிஜ வரைபடத்துக்கு மாற்றி, 1824-இல் விதிகளை வெளியிட்டார். வரைபடத்தின் அளவு 1:8000. ஒரு சுற்று என்பது களத்தில் இரண்டு நிமிடம். சண்டையின் விளைவைப் பகடையும் அட்டவணையும் தீர்மானிக்கும். முக்கியமான புதுமை நடுவர். இரு தரப்பும் உத்தரவை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். களத்தில் அந்தத் தளபதிக்கு எது தெரியுமோ அதை மட்டும் நடுவர் திருப்பிச் சொல்வார். மலைக்குப் பின்னால் இருக்கும் எதிரி வரைபடத்திலும் வராது. பிரஷ்ய ராணுவத் தலைமை ஸ்டாஃபின் தலைவர் முஃப்ளிங் ஆர்வமில்லாமல் பார்க்க உட்கார்ந்து, முடியும்போது இது விளையாட்டே இல்லை, போருக்கான பள்ளி என்று எழுந்தார் என்பார்கள். நம் தரப்பு நீலம், எதிரி சிவப்பு என்று இன்றும் சொல்லும் வழக்கத்தின் வேர் அந்த விளையாட்டின் வண்ணக் கட்டைகளில் இருக்கிறது.

கடல் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கக்கூடிய கதை லிவர்பூலில் நடந்தது. 1942-இல் அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டனுக்கு உணவு கொண்டுவந்த சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. காசநோயால் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரியைத் திரும்ப அழைத்து, இதற்கு ஒரு வழி கண்டுபிடி என்றார்கள். அவருக்குத் துணையாகக் கொடுக்கப்பட்டவர்கள் கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். பலர் கடலுக்கே போகாதவர்கள். ஒரு பெரிய அறையின் தரையில் கட்டம் போட்டுக் கடலாக்கினார்கள். கப்பல்களுக்குச் சிறு மாதிரிகள் வைத்தார்கள். பயிற்சிக்கு வந்த கப்பல் தலைவர்கள் சுற்றிலும் கித்தான் மறைப்புக்குப் பின்னால் நின்று, சின்ன ஓட்டை வழியாக மட்டும் தரையைப் பார்க்க வேண்டும். நிஜக் கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் ஓட்டையில் தெரியும். நீர்மூழ்கியின் பாதையை அந்தப் பெண்கள் சாக்பீஸால் வரைவார்கள், மறைப்புக்குப் பின்னால் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாத நிறத்தில்.

பழைய தாக்குதல்களைத் தரையில் திரும்ப ஆடிப் பார்த்தபோது, நீர்மூழ்கிகள் வெளியே நின்று சுடவில்லை, கப்பல் வரிசைகளுக்கு உள்ளேயே நுழைந்து சுடுகின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். அதற்கேற்ப ‘ராஸ்பெரி’ என்ற எதிர்த்தந்திரம் உருவானது. போர் முடிவதற்குள் சுமார் 5,000 அதிகாரிகள் அந்தத் தரையில் பயின்றார்கள். அட்லாண்டிக்கைப் பார்க்காத பெண்கள், அங்கே வருடக்கணக்கில் கப்பல் ஓட்டியவர்களுக்கு வழிசொன்னார்கள் என்பது எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த பகுதி. அங்கே கணினி எதுவும் இல்லை. மறைப்பு, நடுவர், கடிகாரம், விளையாடி முடித்த பிறகு நடக்கும் பேச்சு ஆகிய நான்கும் இருந்தன. இன்றைய கணினி வார்கேமின் எலும்புக்கூடும் இந்த நான்குதான்.

அப்படியானால் கணினி என்ன செய்கிறது?

கணக்குப் பார்க்கிறது. சலிக்காமல், ஒருதலைப்பட்சம் இல்லாமல், ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு ஒரே நேரத்தில் கணக்குப் பார்க்கிறது. ஒவ்வொரு கப்பலும் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகம், எரிபொருள் எவ்வளவு மிச்சம், யார் யாரைப் பார்த்தார்கள், சுட்டால் என்ன ஆனது. நடுவருக்குக் கிடைத்த ஒரு நல்ல கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் நிலமும் கடலும். நம் கடற்கரையையே எடுத்துக்கொள்வோம். வடகடல் எனும் பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. தென்கடல் எனும் மன்னார் வளைகுடா ஆழமானது. இரண்டுக்கும் நடுவே பாம்பன் கால்வாயும், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை மணல் தீடைகளும். பெரிய கப்பல் தீடையைக் கடக்க முடியாது. மண்டபத்தில் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட் (காற்று மெத்தையில் மிதந்து ஓடும் கலம்) நிற்கும் காரணமும் இந்த ஆழமின்மைதான். கணினிக்குக் கொடுக்கும் ஆழத் தரவு பிசகினால் திரையில் போர்க்கப்பல் ராமர் பாலத்தின் மேலேறிப் போய்விடும். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஆழத் தரவு கொஞ்சமாகப் பிசகினால் யாருக்கும் சிரிப்பு வராது, தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டு எல்லோரும் எழுந்து போவார்கள்.

காற்றும் தரவில் இருக்க வேண்டும். வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும்போது தென்கடல் புரளும். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் கிழமை பிரித்துக்கொண்டு கடலுக்குப் போகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். ஆகவே ஒரே பயிற்சியை மே மாதத்தில் வைத்தால் கடலில் ஒரு கூட்டம், நவம்பரில் வைத்தால் வேறு கூட்டம். ரேடாரில் தெரியும் நூறு புள்ளிகளில் ஒன்றுதான் சந்தேகத்துக்குரியது என்னும்போது, மற்ற 99 புள்ளிகளையும் சரியாக உருவாக்குவதே பாவனையின் கடினமான வேலை.

அடுத்தது கண்டுபிடிப்பு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாம்பனுக்குத் தெற்கே பதிவு எண் இல்லாத ஒரு படகைப் பார்த்ததாகத் தகவல். எந்தத் திசையில் போனது என்று தெரியாது. வேகம் 8 நாட் என்று வைத்துக்கொள்வோம், அதாவது மணிக்கு 8 கடல் மைல். ஒரு மணி நேரத்தில் அது 8 கடல் மைல் ஆரமுள்ள வட்டத்துக்குள் எங்கும் இருக்கலாம். பரப்பு சுமார் 201 சதுரக் கடல் மைல். இரண்டு மணி நேரத்தில் ஆரம் 16, பரப்பு 804. மூன்று மணி நேரத்தில் ஆரம் 24, பரப்பு 1,810. நேரம் இரட்டித்தால் தேட வேண்டிய இடம் நான்கு மடங்கு.

இப்போது ஒரு ஹெலிகாப்டரை அனுப்புகிறோம். வேகம் 80 நாட், ஒரே ஓட்டத்தில் 4 கடல் மைல் அகலத்தைத் துழாவும், 2 மணி நேரம் தேடும். மொத்தம் துழாவுவது 640 சதுரக் கடல் மைல். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படைக்காக பெர்னார்ட் கூப்மன் என்ற கணிதவியலாளர் வகுத்த தேடல் சூத்திரம், துழாவிய இடத்தையே மறுபடி துழாவுவதும் நடக்கும் என்பதைக் கணக்கில் கொள்கிறது. அதில் இதைப் போட்டால், 804 பரப்பில் தேடும்போது கண்டுபிடிக்கும் வாய்ப்பு சுமார் 55 சதவீதம். ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பி 1,810 பரப்பில் தேடினால் சுமார் 30 சதவீதம். தேடிக்கொண்டிருக்கும்போதே வட்டம் பெருகுவதையும், வட்டத்தில் பாதி தரையாக இருக்கலாம் என்பதையும் இங்கே விட்டுவிட்டேன். நிஜ மென்பொருள் அதையும் சேர்த்துப் பார்க்கும். ஆனாலும் போக்கு இதுதான்.

55 சதவீதம் என்றால் கிடைக்குமா, கிடைக்காதா? பகடைக்குப் பதிலாகக் கணினி பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஒரு எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுக்கும். 0.55-க்குக் குறைவாக வந்தால் படகு தட்டுப்பட்டது, இல்லையென்றால் இல்லை. அதனால்தான் ஒரே திட்டத்தை இரண்டு முறை ஆடினால் இரண்டு விதமாக முடியும். நல்ல முடிவும் சில நேரம் தோற்கும், மோசமான முடிவும் சில நேரம் ஜெயிக்கும். பயிற்சி நடத்துபவர்கள் விளைவை வைத்து மார்க் போடாததற்கு இதுவே காரணம்.

கடைசியாக மோதல். இங்கிலாந்துப் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் முதல் உலகப்போர்க் காலத்தில் எழுதிய சமன்பாடுகள் இன்றும் அடிப்படைப் பாடம். ஒரே தரமுள்ள 10 பேரும் 6 பேரும் தூரத்திலிருந்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டால் மிஞ்சுவது நாலு பேர் என்றுதான் மனம் சொல்லும். லான்செஸ்டர் எண்ணிக்கையின் வர்க்கத்தைக் கழிக்கச் சொல்கிறார். 100-இலிருந்து 36 போனால் 64, அதன் வர்க்கமூலம் 8. எட்டுப் பேர் மிஞ்சுகிறார்கள். அதே 10 பேரை ஐந்து ஐந்தாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால்? முதல் ஐவர் அழிந்துபோக, எதிரியில் மூன்று பேருக்குக் கொஞ்சம் மேல் மிஞ்சுவார்கள். இரண்டாவது ஐவர் அவர்களை ஜெயித்தாலும் கையில் நாலு பேர்கூடத் தேறாது. சில்லறை சில்லறையாகப் படை அனுப்பாதே என்று எல்லா நாட்டு ராணுவத்திலும் சொல்லிக்கொடுப்பார்கள். மேசையில் அப்படி அனுப்பித் தோற்ற அதிகாரிக்கு அந்தப் பாடம் மறக்காது. இன்றைய மென்பொருள்கள் இந்தச் சமன்பாட்டை அப்படியே பயன்படுத்துவதில்லை. ஏவுகணை, கவசம், தூரம் என்று நிறைய சேர்ந்திருக்கிறது. அவற்றின் விவரத்துக்குள் இங்கே போகவில்லை.

அறைகள்

பயிற்சிக்கு வந்தவர்கள் திரையைப் பார்ப்பதில்லை என்றேன். அவர்கள் ஓர் அறையில், தங்கள் நிஜ அலுவலகத்தில் இருப்பது போலவே உட்கார்ந்திருப்பார்கள். வரைபடம், வயர்லெஸ், போன், காகிதம். அவர்கள் போடும் உத்தரவு இன்னொரு அறைக்குப் போகும். அங்கே கீழ்நிலைப் படைத் தலைவர்களாக நடிக்கும் சிலர் அதை வாங்கிக் கணினியில் ஏற்றுவார்கள். கணினி சொல்லும் விளைவை வயர்லெஸ்ஸில், களத்தில் நிற்பவர் பேசுவது போலத் திருப்பிச் சொல்வார்கள். தளபதிக்குக் கிடைப்பது அந்தக் குரல் மட்டும்தான். திரையைக் காட்டிவிட்டால் லிவர்பூல் அறையில் மறைப்பைக் கிழித்தது போல ஆகிவிடும்.

மூன்றாவது அறையில் எதிரி. சிவப்புத் தரப்பில் உட்காருபவர் எதிரி எப்படி யோசிப்பான் என்று படித்தவராக இருக்க வேண்டும். சும்மா தோற்றுக்கொடுக்கும் சிவப்பு, பயிற்சிக்குக் கேடு. நான்காவது அறையில் கட்டுப்பாட்டுக் குழு, அதாவது நடுவர்கள். கடிகாரத்தை வேகமாக்குவது, நிறுத்துவது, திடீர்ச் சம்பவங்களை உள்ளே விடுவது எல்லாம் இவர்கள் கையில்.

திடீர்ச் சம்பவம் என்றால் எப்படியிருக்கும்? நம் கடற்கரையை வைத்து முழுக் கற்பனையாக ஒன்றைச் சொல்கிறேன். நவம்பர் மாத மாலை. புயல் சின்னம் உருவாகிறது. வடகடலில் விசைப்படகுகள் நிற்கின்றன, கரைக்குத் திரும்பச் சொல்லியாகிவிட்டது. 4 மணிக்குக் கடலோரப் போலீஸின் 1093 எண்ணுக்கு ஓர் அழைப்பு வந்ததாக நடுவர் சீட்டு அனுப்புகிறார். “சார், தென்கடல்ல நம்பர் இல்லாத ஃபைபர் படகு ஒண்ணு போவுது. நம்ம ஊர்ப் படகு மாதிரி தெரியல. கூப்பிட்டுப் பாத்தோம், பதில் இல்ல.”

உளவு மேசையில் இருப்பவர் அனுபவசாலி. ஒற்றைத் தகவலை நம்பி மேலே சொல்லக்கூடாது, இன்னொரு இடத்தில் உறுதி செய்யலாம் என்று வைத்துக்கொள்கிறார். 4.20-க்கு அடுத்த சீட்டு: வடகடலில் ஒரு விசைப்படகின் இன்ஜின் நின்றுவிட்டது, ஐந்து பேர் இருக்கிறார்கள். செயற்பாட்டு மேசை உடனே ஹெலிகாப்டரை வடக்கே அனுப்புகிறது. அது சரியான முடிவு, ஏனென்றால் செயற்பாட்டு மேசைக்குத் தென்கடல் தகவலே தெரியாது. 5 மணிக்கு உளவு மேசை உறுதி செய்துகொண்டு தகவலை வைக்கிறது. தளவாட மேசை கணக்குப் பார்த்துச் சொல்கிறது: வடக்கே போன ஹெலிகாப்டர் திரும்பி வந்து எரிபொருள் நிரப்பி மறுபடி கிளம்ப ஆறு மணி ஆகிவிடும். அதற்குள் நவம்பர் மாதச் சூரியன் இறங்கிவிடும். ஃபைபர் படகு ரேடாரில் சரியாகத் தெரியாது. தான் இருக்கும் இடத்தைப் படகு தானாகவே அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி 20 மீட்டருக்குக் குறைவான மீன்பிடிப் படகுக்குக் கட்டாயமும் இல்லை.

தளபதி இப்போது என்ன செய்வது? மண்டபத்திலிருந்து படகை இறக்கலாம், ஆனால் கடல் பொங்கிக்கொண்டிருக்கிறது. வேறு தளத்திலிருந்து விமானம் கேட்கலாம், வர நேரமாகும். தெற்குக் கரையோரக் கிராமங்களில் மீனவர் சங்கங்களுக்குச் சொல்லிக் கண்காணிக்க வைக்கலாம். அல்லது எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யலாம். லான்செஸ்டர் சொன்ன சில்லறை வியாதி இந்தக் கடைசி யோசனையில் ஒட்டிக்கொண்டு வருவதைக் கவனியுங்கள்.

இவர்கள் விவாதித்துக்கொண்டிருக்கும்போதே நடுவர் பாம்பனிலிருந்து வரும் தகவல்தொடர்பைத் துண்டிக்கிறார். புயல் நாளில் இது அதீதக் கற்பனை இல்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது தொடர்புகள் அறுந்து, அங்கே நடந்தது வெளியே உடனே எட்டவில்லை என்பதை நம் ஊரில் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்போம். தகவல் வராமல் இருப்பதும் ஒரு தகவல்தான் என்று எந்த மேசை முதலில் எழுந்து சொல்கிறது என்று நடுவர்கள் குறித்துக்கொள்கிறார்கள்.

விளையாட்டு முடிந்த பிறகு

என்னைக் கேட்டால் பயிற்சி தொடங்குவதே இங்கேதான். கணினி எல்லாவற்றையும் நேரத்தோடு பதிந்து வைத்திருக்கிறது. இப்போது எல்லோரையும் உட்காரவைத்து முழு வரைபடத்தையும் முதல் முறையாகத் திறந்து காட்டுவார்கள். 4 மணிக்குப் படகு எங்கே இருந்தது, அப்போது நீங்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? 5 மணிக்கு எங்கே? இரண்டு படங்களும் விலகும் இடத்தைத் தேடுவார்கள்.

மேலே போட்ட கணக்கு இங்கே உதவும். தகவல் ஒரு மணி நேரம் ஒரு மேசையில் தங்கியதால் தேடுதல் வாய்ப்பு 55-இலிருந்து 30-க்கு இறங்கியது என்று திரை காட்டும்போது, யாரும் யாரையும் திட்டத் தேவையில்லை. உளவு மேசைக்காரர் சோம்பேறி அல்ல, அவர் கற்றுக்கொண்ட வழக்கப்படிதான் நடந்தார். ‘உறுதியாகாத தகவல்’ என்று முத்திரை குத்தி உடனே பக்கத்து மேசைக்குச் சொல்லும் வழி அந்த அலுவலகத்தில் இல்லை. மாற்ற வேண்டியது அந்த வழியைத்தான். பயிற்சியின் பலன் எங்கே என்று கேட்டால், இப்படி நாலு வரியில் எழுதி வைக்கப்படும் ஒரு நடைமுறை மாற்றத்தில். படகு பிடிபட்டதா என்பது அந்த அறையில் இருப்பவர்களுக்கே இரண்டு நாளில் மறந்துவிடும்.

மூத்த அதிகாரி முன்னால் இளையவர் வாய் திறப்பாரா என்பது நம் ஊரில் நியாயமான கேள்வி. பயிற்சியை நன்றாக நடத்துபவர்கள் முதலில் பதவியில் இளையவரைப் பேசவிடுவார்கள். பெரியவர் பேசிவிட்டால் மற்றவர்கள் எல்லோரும் “ஆமாம் சார்” ஆகிவிடுவார்கள் என்பது உலகம் முழுக்க உண்மை.

எங்கே ஏமாற்றும்?

1942 மே மாதம் ஜப்பானியக் கடற்படை, பசிபிக்கில் அமெரிக்கா வசமிருந்த மிட்வே தீவின் மீதான தாக்குதலை மேசையில் ஆடிப் பார்த்தது. பகடையின்படி ஒன்பது குண்டுகள் விழுந்து அகாகி, காகா என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. விளையாட்டை நடத்திய தளபதி உகாகி, ஒன்பதை மூன்றாகக் குறைத்து அகாகியைக் காப்பாற்றினார். மூழ்கிய காகாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் மிதந்து வந்தது. ஜூன் மாதம் நிஜச் சண்டையில் அவ்விரண்டோடு சேர்ந்து நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் போயின. உகாகி பக்கமும் நியாயம் உண்டு, உயரத்திலிருந்து குண்டு போடும் விமானம் நகரும் கப்பலை அவ்வளவு சுலபமாக அடிக்காது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் கப்பல் மூழ்கினால் என்ன செய்வோம் என்ற கேள்வியையே அந்தத் திருத்தம் அறையிலிருந்து வெளியேற்றிவிட்டது. எனக்கு அதுதான் பெரிய பிழையாகப் படுகிறது.

அறுபது வருடம் கழித்து, 2002-இல் அமெரிக்கா ‘மில்லேனியம் சேலஞ்ச்’ என்ற பிரம்மாண்டப் பயிற்சி நடத்தியது. சிவப்புத் தரப்புக்குத் தலைமை ஓய்வுபெற்ற மரைன் ஜெனரல் பால் வான் ரைப்பர். ஒட்டுக்கேட்க முடியாதபடி அவர் மோட்டார் சைக்கிளில் ஆள் விட்டுச் செய்தி அனுப்பினார். ஏவுகணைகளாலும் சிறு படகுகளாலும் ஒரே மூச்சில் தாக்கி, 16 கப்பல்களைக் கணினியில் மூழ்கடித்தார். கப்பல்களை மீண்டும் மிதக்கவிட்டுப் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். சிவப்பின் கைகளைக் கட்டிவிட்டார்கள் என்று அவர் விலகினார். அத்தனை ஆட்களையும் பணத்தையும் கூட்டிவிட்டு முதல் கட்டத்திலேயே வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பது நடத்தியவர்கள் பக்க வாதம். மிதக்கவிட்டதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. ஏன் மூழ்கின என்பதைப் பேசிய பிறகு மிதக்கவிட்டார்களா என்பதே கேள்வி.

பாவனைக்கு எட்டாதவையும் உண்டு. ஜப்பானோடு நடக்கப்போகும் போரை அமெரிக்காவின் நியூபோர்ட் கடற்படைக் கல்லூரியில் திரும்பத் திரும்ப ஆடியிருந்ததால், நிஜப் போரில் தற்கொலை விமானங்களைத் தவிர எதுவும் தங்களுக்கு ஆச்சரியம் தரவில்லை என்று அட்மிரல் நிமிட்ஸ் பின்னாளில் சொன்னார். அவர் சொன்ன அந்த விதிவிலக்கைப் பாருங்கள். விதிகளை எழுதியவருக்குத் தோன்றாத ஒன்று விளையாட்டுக்குள் வரவே வராது. பயம், தூக்கமின்மை, நனைந்த உடம்போடு வயர்லெஸ் பிடிப்பது, இவற்றுக்கும் நல்ல எண் கிடையாது. ஆகவே வார்கேம் எதிர்காலத்தைச் சொல்லும் என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

நம் நாட்டில்

இந்திய ராணுவத்துக்கு டெல்லியில் ‘வார்டெக்’ எனப்படும் வார்கேமிங் மேம்பாட்டு மையம் இருக்கிறது. போர்ப்பாவனை மென்பொருள் ஆராய்ச்சிக்கு டிஆர்டிஓ-வின் கீழ் ‘இஸ்ஸா’ என்ற ஆய்வகம் அங்கேயே இயங்குகிறது. கடற்படை அதிகாரிகளின் தந்திரப் பயிற்சிக்கு விசாகப்பட்டினம் போன்ற இடங்களில் கடல்சார் போர்முறை மையங்கள் உண்டு. கோவாவில் கடற்படைப் போர்க் கல்லூரிக்கு 2024 மார்ச்சில் திறந்த புதிய கட்டடத்தின் பெயர் ‘சோழா’. முப்படை அதிகாரிகளுக்கும் ஸ்டாஃப் வேலையைச் சொல்லித்தரும் கல்லூரி நம் நீலகிரியில், குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் 1947-இலிருந்து இருக்கிறது. உச்சிப்புளி ஐ.என்.எஸ். பருந்து தளத்திலிருந்து ஆளில்லா விமானம் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அனுப்பும் படத்தை வைத்து முடிவெடுக்கும் வேலையை இப்படிப்பட்ட அறைகளில்தான் பழகுகிறார்கள்.

நீங்களே ஆடிப் பார்க்க

கல்லூரி என்சிசி மாணவர்கள், பேரிடர் மேலாண்மை படிப்பவர்கள் கணினி இல்லாமலே இதைச் செய்யலாம். பாம்பனிலிருந்து தனுஷ்கோடி வரையிலான வரைபடம் மூன்று பிரதிகள் எடுங்கள். இரண்டு அணிகள், இரண்டு அறைகள், நடுவில் நடுவர். சண்டையே வேண்டாம். புயல் நேரத்தில் காணாமல் போன படகைத் தேடுவது ஒன்றே போதும். காணாமல் போன படகை நடுவர் ரகசியமாக நகர்த்தட்டும். முதல் அணிக்குத் தேடுதல் வேலை, இரண்டாவது அணிக்குக் கரையில் மக்களை வெளியேற்றும் வேலை. இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு ஹெலிகாப்டர், ஒரே டீசல் டேங்க். அணிகள் துண்டுச்சீட்டில் மட்டுமே பேசிக்கொள்ள வேண்டும், ஒரு சீட்டு அடுத்த அறைக்குப் போக ஐந்து நிமிடம் ஆகும் என்று விதி வையுங்கள். ஒரு சுற்றுக்கு அரை மணி நேரக் கடல் நேரம், யோசிக்கப் பத்து நிமிடம். தேட வேண்டிய பரப்பை மேலே சொன்ன வட்டக் கணக்கில் போட்டு, கண்டுபிடிப்பு வாய்ப்பை நடுவர் மதிப்பிட்டுச் சொல்ல, பகடை உருட்டுங்கள்.

ஆறு சுற்று போதும். முடிந்ததும் மூன்று வரைபடங்களையும் ஒரே சுவரில் அருகருகே ஒட்டி, எல்லாச் சீட்டுகளையும் நேர வரிசையில் கீழே குத்துங்கள். எந்தச் சீட்டு எந்த மேசையில் அதிக நேரம் தங்கியது என்று பார்க்கத் தொடங்குங்கள். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் என்றால், இந்தப் பேச்சுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.